தூப்பா ஆத்தோரமா ஒரு நாள் நடை: 64 வயசு அம்மாவும் 6 வயசுப் பையனும் வர்றாங்க, எப்படித் திட்டம் போடறது? (பீடோங்)

ஊதாப்பூ
வணக்கம். மலேசியா கெடா மாநிலத்துல, பீடோங் தாமான் (குடியிருப்பு) ஒண்ணுல இருந்து எழுதறேன். தைப்பூசம் முடிஞ்சு ரெண்டாவது சனிக்கிழமை குடும்பமா காட்டுல நடந்துட்டு வரலாம்னு இருக்கோம். ஏன் சனிக்கிழமைன்னா, வீட்டுக்காரருக்கு பினாங்குல வேலை, சனி ஞாயிறு லீவு. பிள்ளைங்களுக்குக் கெடா பள்ளி, வெள்ளி சனி லீவு. ரெண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கிறது அந்த ஒரு நாள்தான்.

மொத்தம் 9 பேர். நான், வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, பிள்ளைங்க 4 பேர் (சின்னவனுக்கு 6, பெரியவளுக்கு 13), அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 64. இனிப்பு நீர் இருக்கு. வலது முழங்கால் அப்பப்ப முரண்டு பண்ணும்.

தம்பி ஜெராய் மலை உச்சிக்கே போகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். எனக்கு மெர்போக் தாண்டி, மலையடியில இருக்கிற தூப்பா போதும். ஆத்தோரமா நடந்து, பசியாறிட்டு, மத்தியானத்துக்குள்ள வீடு. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின அம்மா என்ன சொல்றாங்கன்னா, "35 வருஷம் விடியறதுக்கு முன்னாடி காட்டுல நின்னவ நான். இப்ப பெட்ரோல் ஊத்திக் காட்டைப் பார்க்கப் போகணுமா?"

எத்தனை மணிக்குக் கிளம்பணும், என்ன சப்பாத்து, பெர்மிட் வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெர்போக் மச்சான்
அக்கா, தூப்பா குளிக்கிற இடம். மலை ஏறின கணக்குல வராது. உங்க தம்பி சொல்றதுதான் சரி. குரூண் பக்கம் படிக்கட்டுப் பாதை இருக்கு, வழி தவறவே முடியாது. நான் போன மாசம் ஏறினேன். மேலே போனா காத்து அப்படியே ஏர்கோன் மாதிரி.

சோம்பேறித் திலகம்
மேலே போக குரூண் பக்கத்துல தார் ரோடே இருக்குலா. நான் ஜெராயை மூணு வாட்டி "ஏறி"யிருக்கேன், மூணு வாட்டியும் மூணாவது கியர்ல.

கித்தாக்காடு
தம்பி மச்சான், நீ எவ்வளவு நேரத்துல ஏறினேன்னு இந்த அம்மா கேட்கலையே. ஜெராய் 1,217 மீட்டர். படிக்கட்டுல வழி தவறாது, உண்மைதான். ஆனா முழங்கால் வலிக்காரங்களுக்குப் படிக்கட்டு மாதிரி எதிரி இல்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியும் மூட்டுல வந்து குத்தும்.

ஊதாப்பூ, உங்க ஒன்பது பேர்ல மெதுவா நடக்கிறது யாரு? அம்மாவா, சின்னவனா? அதைச் சொல்லும்மா. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஊதாப்பூ
ஐயா, நேத்துதான் யோசிச்சேன். அம்மா மெதுவா நடப்பாங்க, ஆனா நிக்க மாட்டாங்க. சின்னவன் ஓடுவான், அரை மணி நேரத்துல "தூக்கு"ன்னு உட்கார்ந்துடுவான்.

கித்தாக்காடு
அப்ப சின்னவன்தான் உங்க கடிகாரம். அவன் உட்கார்ற நேரத்தை வச்சுத்தான் தூரம். தோட்டத்துல நாங்க தூரத்தைக் கிலோமீட்டர்ல பேசினதே இல்லை. ஒரு வெட்டுக்கு 400, 500 மரம், அது முடியற நேரம், பால் எடுக்கிற நேரம், கொட்டாய்க்குப் போய்ச் சேர்ற நேரம். எல்லாம் நேரம்தான். காட்டு நடைக்கும் அதே கணக்கு போடுங்க.

சாக்குக்கட்டி
கணக்குன்னு சொன்னதால நானும் வர்றேன். (வாத்தியார் புத்தி, மன்னிக்கணும்.) 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் ஒரு எளிய விதி சொன்னார். சமதளத்துல மணிக்கு 5 கிலோமீட்டர், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் கூடுதலா 1 மணி நேரம். பேச்சுக்கு 2 கிலோமீட்டர் தூரம், 150 மீட்டர் ஏத்தம்னு வச்சுக்குங்க. தூரத்துக்கு 24 நிமிஷம், ஏத்தத்துக்கு 15. மொத்தம் 39 நிமிஷம்.

இதுல ஏமாந்துடாதீங்க. அவர் கணக்குப் போட்டது குளிர் நாட்டுத் திடகாத்திரமான ஆளுக்கு. நம்ம காட்டுல வேர், வழுக்குப் பாறை, வேர்வை, பிள்ளை, "அம்மா அட்டை!" எல்லாம் உண்டு. குடும்பத்தோட போகும்போது நான் ரெண்டரை மடங்கு போடுவேன். 39 நிமிஷம் கிட்டத்தட்ட ஒரு மணி நாற்பது நிமிஷமா ஆயிடும். இறக்கமும் வேகமா இருக்காது. ஈரப் பாறையில இறங்கறது ஏறறதை விட மெதுவு.

ஆறாம் நம்பர் லயம்
வாத்தியார் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும்: திரும்பற நேரம். "நீர்வீழ்ச்சி வரைக்கும் போவோம்"னு கிளம்பக் கூடாது. "11 மணி வரைக்கும் போவோம்"னு கிளம்பணும். 11 அடிச்சா, நீர்வீழ்ச்சி கண்ணு முன்னாடி தெரிஞ்சாலும் திரும்பறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பட்டவன் நான். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு குழுவோட போனேன், பேர் வேணாம். "இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்"னே மூணு மணி ஆச்சு. இறங்கும்போது மழை. ஒரு கிளைப்பாதையில தப்பாத் திரும்பினோம். ஊர்ல ஏழரை மணிக்குப் பக்கம்தான் இருட்டும், ஆனா மரத்தடியில ஆறரைக்கே கை தெரியலை. 14 பேருக்கு டார்ச் லைட் ஒண்ணு. போன்ல லைட் அடிச்சே எல்லாரோட பேட்டரியும் செத்துப் போச்சு. ரோட்டுக்கு வந்து சேரும்போது ராத்திரி 9:40. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, அது எங்க கெட்டிக்காரத்தனம் இல்லை. அன்னிக்கு என் மனைவி கோயில்ல போய் உட்கார்ந்துட்டா. எங்கே போறேன்னு வீட்டுல சரியாச் சொல்லாமப் போயிருந்தேன்.

பால் வெட்டற தலைவிளக்கு இன்னும் வீட்டுல கிடந்தா, பகல் நடைன்னாலும் அதை எடுத்துப் பையில போடுங்க.

தவரணைத் தங்கச்சி
அண்ணே, படிக்கும்போதே வயித்தைக் கலக்குது. எங்க வீட்டுல தலைவிளக்கு சாமி மேடைக்குப் பின்னால கிடக்கு. தாத்தாவோடது.

மெர்போக் மச்சான்
சரி சரி, படிக்கட்டு வேணாம். தூப்பாவே போகட்டும். ஆனா அக்கா, பிப்ரவரியில இந்தப் பக்கம் வறட்சி, தண்ணி கம்மியா இருக்கும். நீர்வீழ்ச்சின்னு கனவு கண்டு போகாதீங்க, நூல் மாதிரிதான் விழும். தண்ணி வேணும்னா மழை மாசம். மழை மாசம்னா ஆபத்து.

ஊதாப்பூ
தண்ணி கம்மின்னா பிள்ளைங்களுக்கு நல்லதுதானே? பயம் இல்லாம இறங்கலாம்.

ஆறாம் நம்பர் லயம்
அந்த நினைப்பு வேணாம்மா. 2021 ஆகஸ்ட் 18 ஞாபகம் இருக்கா? ஜெராய் மேல பெய்ஞ்ச மழை, மரமும் பாறையும் சேறுமா இறங்கிச்சு. யான் பக்கம் தீத்தி ஹயூன், இந்தப் பக்கம் மெர்போக், ரெண்டு பக்கமும் அடி. உயிரும் போச்சு. ஆகஸ்ட் நாம பயப்படற மாசமா என்ன?

கெப்பாலா ஆயர்னு மலாய்க்காரங்க சொல்ற திடீர் ஆத்து வெள்ளம் இருக்கே, அது நீங்க நிக்கிற இடத்துல மழை பெய்ஞ்சு வர்றதில்லை. கீழே பளிச்சுனு வெயில் அடிக்கும். மேலே மலைத் தலையில கொட்டிக்கிட்டு இருக்கும். சில நேரம் விழுந்த மரமும் கிளையும் ஆத்தை மேலேயே அணை மாதிரி அடைச்சுக்கும். அது உடையும்போது மொத்தத் தண்ணியும் ஒரே மூச்சுல இறங்கும். அடையாளம் தெரிஞ்சுக்குங்க: தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், மட்டம் ஏறும், மேலேருந்து ஒரு இரைச்சல் கேட்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலே துணி, சட்டி, செருப்பு எதையும் எடுக்காம மேட்டுக்கு ஏறணும். ஆத்தோட போட்டி போட்டுக் கீழ்ப் பக்கம் ஓடக் கூடாது. பக்கவாட்டுல மேட்டுக்கு.

உட்கார்ந்து சாப்பிடற இடத்தையும் ஆத்து நடுப் பாறையில வைக்காதீங்க. படம் நல்லா வரும், தெரியும். கரை மேட்டுல உட்காருங்க.

கித்தாக்காடு
நாங்க பால் வெட்டப் போகலாமா வேணாமான்னு ஜெராய் தலையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். மரப்பட்டை நனைஞ்சா பால் கோட்டுல இறங்காது, பட்டை மேல வழிஞ்சு வீணாப் போயிடும். அதனால மேகம் தலையில உட்கார்ந்தாச்சுன்னா தண்டல் (மேஸ்திரி) வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். கைப்பேசியில வானிலை பார்க்க மைச்சுவாச்சா செயலி இருக்காம், மருமகள் காட்டினா. அதையும் பாருங்க, மலையையும் பாருங்க.

ரோட்டோரக் காரன்
பெர்மிட் பத்தி யாரும் சொல்லலையே. லிப்பூர் காடுங்கறது வன இலாகா பொதுமக்களுக்காகத் திறந்து விட்ட இடம், பொதுவா அதுக்குப் பெர்மிட் கேட்க மாட்டாங்க. ஆனா அந்த எல்லையைத் தாண்டி நிரந்தரக் காப்புக் காட்டுக்குள்ள ஏறினா கதை வேற. 1984 தேசிய வனச் சட்டப்படி அனுமதி இல்லாம நுழையறது குற்றம். பெரிய மலைக்கு மாலிம் குனோங்னு பதிவு பெற்ற வழிகாட்டியும் கேட்கலாம். நீங்க போற பாதை எதுல வருதுன்னு மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்க. அந்த வாரம் திறந்திருக்கான்னும் கேட்டுடுங்க. வெள்ளத்துக்கு அப்புறம் மூடறதும் திறக்கறதுமா இருக்கிற இடங்கள் இது.

கிளினிக் அண்ணன்
அம்மாவுக்கு இனிப்பு நீர்னு எழுதியிருக்கீங்க. மாத்திரையா, ஊசியா? இன்சுலின் ஊசி, இல்லைன்னா கிளிக்லசைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களுக்கு நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும். மெட்ஃபோர்மின் மட்டும்னா அந்தப் பயம் குறைவு. முந்தின வாரமே கிளினிக்ல கேட்டுக்குங்க, நீங்களா மருந்தைக் குறைக்காதீங்க. பசியாறாம நடக்கவே கூடாது.

கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் வந்தா உடனே உட்கார வச்சு மூணு டீஸ்பூன் சீனி கரைச்ச தண்ணி, இல்லைன்னா மிட்டாய் கொடுங்க. 15 நிமிஷம் பொறுத்து மறுபடியும் பாருங்க. "காரணமில்லாத கோபம்" அம்மாங்க விஷயத்துல கண்டுபிடிக்கக் கஷ்டம், ஒத்துக்கறேன்.

காலையும் பாருங்க. இனிப்பு நீர்க்காரங்களுக்குக் கொப்புளம் வந்தா வலி தெரியாமப் போகலாம். பாதி வழியில ஒரு தடவை சப்பாத்தைக் கழட்டிப் பார்க்கணும்.

இன்னொண்ணு எல்லாருக்கும்: ஆத்துல குளிச்சுட்டு வந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா "வைரல்"னு பனடோல் போட்டுப் படுத்துடாதீங்க. டாக்டர்கிட்ட "ஆத்துல குளிச்சேன்"னு வாயைத் திறந்து சொல்லுங்க. எலி மூத்திரக் காய்ச்சல் தண்ணி வழியாப் புண்ணுல நுழையும். 2010-ல் பகாங் லுபோக் யூவில் மூழ்கினவரைத் தேடப் போனவங்களுக்கே அதுவும், மண்ணு தண்ணியில இருக்கிற கிருமியால வர்ற மெலியோய்டோசிஸும் வந்து பல பேர் இறந்தாங்க. கால்ல வெட்டுக்காயம் இருக்கிற பிள்ளையைத் தண்ணியில விடாதீங்க. ஆத்துத் தண்ணியைக் காய்ச்சாமக் குடிக்கவும் வேணாம்.

சோம்பேறித் திலகம்
நான் வீட்டுலேயே இருக்கேன்.

தவரணைத் தங்கச்சி
அட்டைக்கு என்ன பண்றது? எனக்குப் பாம்பை விட அட்டைன்னாத்தான் பயம்.

கித்தாக்காடு
வறண்ட மாசத்துல அட்டை கம்மி, ஆனா ஆத்தோர ஈரத்துல இருக்கும். அந்தக் காலத்துல புகையிலை ஊற வச்ச தண்ணியைக் காலுறையில தேய்ப்போம். சிலர் சவுக்காரம். கால்சட்டையைக் காலுறைக்குள்ள விட்டுக்கிட்டாலே பாதி தொல்லை இல்லை. ஒட்டிக்கிச்சுன்னா பிடிச்சு இழுக்காதே. நெருப்பு, உப்பெல்லாம் வைக்காதே, அது கக்கிட்டு விழும். நகத்தை அதோட மெல்லிய முனைப் பக்கமாச் சாய்ச்சு நுழைச்சுத் தள்ளு, விட்டுடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது. உறையாம இருக்க அட்டை எச்சில்ல ஒரு சரக்கு இருக்கு. கழுவித் துணியால அழுத்திப் பிடிச்சா போதும்.

சப்பாத்துக்குக் காசைக் கொட்டாதீங்க. பால் வெட்டறவங்க போடற கறுப்பு ரப்பர் சப்பாத்து, கேலியா "அடிடாஸ் கம்போங்"னு சொல்லுவாங்களே, அதுதான் நம்ம காட்டுக்கு. அடியில முள்ளு முள்ளா இருக்கும், சேறு ஒட்டாது, தண்ணியில நனைஞ்சா உதறிட்டு நடக்கலாம். ஒரு அளவு பெருசா வாங்கி, தடிச்ச காலுறை போடணும். இல்லைன்னா குதிகால் போயிடும். உங்க அம்மாவுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊதாப்பூ
ஐயா, அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "யாரு இந்த ஆளு, எந்தத் தோட்டம்?"னு கேட்கிறாங்க. இப்ப கொஞ்சம் ஆர்வம் வந்திருக்கு. சப்பாத்து இன்னும் வச்சிருக்காங்களாம், கோழிக் கூண்டுக்குப் பக்கத்துல.

சாப்பாடு புளிச்சோறும் அவிச்ச முட்டையும். சம்பல் வேணாம்னு முடிவு, வெயில்ல ஊசிப் போயிடும்.

மெர்போக் மச்சான்
புளிச்சோறு சரி. ஆனா பிளாஸ்டிக் பையில தூக்கிட்டுப் போகாதீங்க. பிளாஸ்டிக் சரசரன்னா குரங்குக்குச் சாப்பாட்டு மணி. முதுகுப் பைக்குள்ள மூடி வைங்க. குப்பையும் அதே பைக்குள்ள வீட்டுக்கு வரணும்.

திரும்பி வர்ற வழியில லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்துக்குப் போங்க. மெர்போக்லேருந்து பக்கம்தான். புக்கிட் பத்து பாஹாட் கோயில் அங்கேதான் இருக்கு. ராஜேந்திர சோழன் கட்டினது.

சாக்குக்கட்டி
மச்சான், அவர் கட்டினது இல்லை. ராஜேந்திரன் 1025-ல் கடாரத்து (பழைய கெடா) மேல படையெடுத்தார், அதனாலதான் "கடாரம் கொண்டான்"னு பேர். கோயில் கட்ட வரலை, அடிக்க வந்தார். அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இங்கே வணிகத் துறை இருந்திருக்கு. சுங்கை பத்துவில இரும்பு உருக்கியிருக்காங்க. இப்ப நாம பார்க்கிற புக்கிட் பத்து பாஹாட் அடித்தளமும் படியும் 1960 வாக்கில தொல்லியல் ஆட்கள் மீண்டும் எடுத்து நிறுத்தினது. பத்து பாஹாட்னா செதுக்கின கல். பக்கத்துலேயே ஆறு ஓடும், நிழல் நல்லா இருக்கும்.

மெர்போக் மச்சான்
இந்த ஊர்லேயே பிறந்து வளர்ந்தவன் நான். இது வரைக்கும் யாரும் சொல்லலை வாத்தியாரே.

ரோட்டோரக் காரன்
சோழர் சண்டையைத் தனி இழையில வச்சுக்குங்க ஐயா, இங்கே வேணாம். ஊதாப்பூ அக்கா, இறுதித் திட்டம் போட்டுடுங்க.

ஊதாப்பூ
சரி. காலை 6:45-க்குப் பசியாறல், 7:30-க்குக் கிளம்பல், செமிலிங் வழியா மெர்போக். 8:30-க்கு நடை. நடக்கும்போது முன்னாடி வீட்டுக்காரர், கடைசியில தம்பி. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் எல்லாரும். 11 மணிக்குத் திரும்பல். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி, பிள்ளைங்களுக்கு ஒரு லிட்டர். அம்மாவுக்குத் தனியா மிட்டாய். தலைவிளக்கு ரெண்டு. எங்கே போறோம், எத்தனை மணிக்கு வருவோம்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட எழுதிக் கொடுத்தாச்சு. மத்தியானம் 3 வரைக்கும் போன் வரலைன்னா 999-க்கு அடிக்கச் சொல்லியிருக்கேன். வன அலுவலகத்துலயும் கேட்டாச்சு, போகலாம்னு சொன்னாங்க.

கித்தாக்காடு
கடைசியில நடக்கிறவன்கிட்ட விசில் கொடு. போயிட்டு வந்து எழுதும்மா.

ஊதாப்பூ (சனிக்கிழமை இரவு)
வந்தாச்சு. எல்லாரும் நல்லா இருக்கோம்.

11 மணி வரைக்கும் போகலை. 9:50-க்கு ஒரு மேட்டுல உட்கார்ந்து அம்மா சப்பாத்தைக் கழட்டிக் காலைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்படியே தலையைத் தூக்கி மர இடைவெளியில மலையைப் பார்த்தாங்க. "மேகம் உட்கார்ந்தாச்சு, போதும்"னாங்க. எங்க தலைக்கு மேல சுத்தமா வெயில். தம்பி சண்டை போட்டான். இன்னும் அரை மணி நேரத்துல நல்ல இடம் வரும்னு கீழே பார்த்த ஒரு ஆள் சொல்லியிருந்தார். பிள்ளைங்க வேற அழுகை. அம்மா எதுவும் பேசலை, சப்பாத்தை மாட்டிக்கிட்டு இறங்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒன்பது பேர்ல ஒரு ஆள் இறங்கினா மத்தவங்க என்ன பண்றது?

மழை வரவே இல்லை. நாள் முழுக்க ஒரு சொட்டு விழலை. திரும்பி வர்ற வழியில மச்சான் சொன்ன கோயிலுக்குப் போனோம். தம்பி அந்தப் படியில உட்கார்ந்துக்கிட்டு அரை மணிக்கு ஒரு தடவை வானத்தைக் காட்டிக் காட்டிப் பேசினான். புளிச்சோறு அங்கே பக்கத்துலதான் சாப்பிட்டோம். சின்னவன் தூங்கிட்டான். அம்மா அந்தக் கல்லையெல்லாம் கையால தடவிப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாங்க. என்ன நினைச்சாங்கன்னு கேட்கலை.

அட்டை மொத்தம் மூணு. மூணும் தம்பிக்கு.

கித்தாக்காடு
மழை வரலையா, ரொம்ப நல்லது. எங்களுக்கும் எத்தனையோ நாள் அப்படி வேலைக்குப் போகாம உட்கார்ந்து, வெயில் அடிச்சு, சம்பளம் போயிருக்கு.

சோம்பேறித் திலகம்
ஒரு மணி இருபது நிமிஷம் நடந்துட்டு சோறு சாப்பிட்டாங்க. இந்த மாதிரி மலையேற்றம்னா நானும் வர்றேன்லா.

ஊதாப்பூ
தம்பி விடலை. அடுத்த மாசம் அந்தப் படிக்கட்டுக்குப் போறானாம். அம்மாவும் கூட வர்றேங்கறாங்க! மச்சான்கிட்ட கேட்கச் சொன்னாங்க: அதுல பாதியில திரும்ப முடியுமா?

மெர்போக் மச்சான்
முடியும் அக்கா. இறங்கறதுக்குக் கைத்தடி ஒண்ணு கொண்டு வரச் சொல்லுங்க. என்கிட்ட ரெண்டு இருக்கு, வேணும்னா வந்து தர்றேன்.